ராயபுரத்தில் தரைத்தளம் + 2 மாடி வீடு: ஒரே ஃபைபர் இணைப்பில் வைஃபை, கேமரா, குடித்தனக்காரர் மூணையும் எப்படிப் பிரிப்பது?

மணிக்கூண்டு (ராயபுரம்) கேட்டது:

வணக்கம். வீடு கல்மண்டபம் பக்கம். 12 அடி அகலம், 60 அடி நீளம், ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டு. கீழே அப்பா அம்மா, முதல் மாடியில் நாங்கள், ரெண்டாவது மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. நிறுவனம் கொடுத்த ஓஎன்டி பெட்டி (ஃபைபரில் வரும் ஒளியை இன்டர்நெட்டாக மாற்றும் மோடம்) தரைத்தளத்தில், வாசல் பக்கம், மீட்டர் போர்டுக்கு மேலே இருக்கிறது. வைஃபை அதிலிருந்தேதான்.

முதல் மாடி பின் அறையில்தான் ஆபீஸ் லேப்டாப். அங்கே சிக்னல் ஒரு கோடு, வீடியோ கால் அடிக்கடி நிற்கிறது. மாடி வீட்டுக்காரர்களும் இதே வைஃபையில்தான் இருக்கிறார்கள். மாதம் கொஞ்சம் பணம் வாடகையோடு சேர்த்துத் தருகிறார்கள். நாலு கேமரா, அதைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர் பெட்டி இருக்கிறது. அதுவும் ஓஎன்டியில் செருகியிருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டு, இணைப்பு கொடுக்க வந்தவர் வைத்த அப்பாவின் மொபைல் நம்பர்.

கேமரா ஆள் "போர்ட் ஃபார்வர்டு பண்ணிட்டா போன்ல எங்க இருந்தும் பாக்கலாம்" என்கிறார், அதாவது வெளியிலிருந்து டிவிஆருக்கு நேரே ஒரு வாசல் திறந்துவிடுவது. கடைக்காரர் ரெண்டு எக்ஸ்டெண்டர் வாங்கச் சொல்கிறார். ஆபீஸ் லேப்டாப் இருக்கிற நெட்வொர்க்கில் இதெல்லாம் கலந்து கிடப்பது சரியில்லை என்று மட்டும் தெரிகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது? பக்கத்து வீட்டு அங்கிள் வேறு, ஹார்பர் ரேடார்தான் வைஃபையைக் கெடுக்கிறது என்கிறார். உண்மையா?

—

கேபிள்காரர் (பழைய வண்ணாரப்பேட்டை):

எக்ஸ்டெண்டர் வேண்டாம் சார். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புற எக்ஸ்டெண்டர் வேகத்தைப் பாதியாக்கும். ரெண்டு போட்டா ரெண்டாவதில் கால் பங்குதான் மிஞ்சும். அதுவும் உங்க வீட்டில் நடுவில் கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் தளத்தைத் தாண்டும்போதே செத்துடும். இந்த மாதிரி நீளமான ஒட்டு வீட்டுக்கு ஒரே வழி, மாடிப்படி ஓரமா கேபிள் ஏத்துறது.

கேட்6 போதும், கேட்6ஏ, கேட்7னு கடையில் சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. செம்புக் கேபிளில் ஈதர்நெட் 100 மீட்டர் வரை போகும், உங்களுக்கு எல்லாம் சேர்த்தே அதில் பாதிதான். முதல் மாடி நடு ஹாலுக்கு ரெண்டு ஓட்டம்: ஒண்ணு ஓஎன்டியிலிருந்து மேலே ரவுட்டருக்கு, இன்னொண்ணு அந்த ரவுட்டரிலிருந்து கீழே அப்பா அம்மா அறைக்கு வர்ற ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (கேபிளில் வர்றதை வைஃபையா பரப்புற பெட்டி). ஓட்டத்துக்கு 18 மீட்டர் வெச்சுக்கோங்க. ரெண்டு முனையிலும் ஒரு மீட்டர் மிச்சம் விடுங்க, பிறகு முனை கெட்டா வெட்டிட்டு மறுபடி அடிக்கலாம். 25 மில்லி பைப்பில் ரெண்டு கேபிளும் தாராளமா போகும், மூணாவது ஒண்ணு இழுக்கவும் இடம் இருக்கும். பைப்புக்குள் ஒரு நைலான் கயிறையும் விட்டு வையுங்க.

ரிச்சி தெருவில் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: முழுச் செம்பா, இல்ல அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினதா. கடைக்காரர் சிசிஏனு சொன்னா அது ரெண்டாவது ரகம். ஒரு கம்பியோட முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையா பளபளத்தா அலுமினியம். கையில் எடுத்தாலே எடை காட்டிக் கொடுக்கும். அது மலிவுதான், ஆனா மூலையில் ரெண்டு முறை மடக்கினா உள்ளே அறுந்துடும், ரெசிஸ்டன்ஸும் அதிகம். பின்னாடி கேபிள் வழியா கரன்ட் கொடுக்கிற ஆக்சஸ் பாயின்ட் வெச்சா, மேல போறதுக்குள்ள வோல்டேஜ் இறங்கிடும். சுவருக்குள்ள ஒரு தரம் போட்டா பத்து வருஷம் தொடப் போறதில்ல, இதில் மிச்சம் பிடிக்காதீங்க.

எலக்ட்ரீஷியன் "இருக்கிற கரன்ட் பைப்லயே விட்டுடலாம்"பார். ஒத்துக்காதீங்க. 230 வோல்ட் ஒயரும் நெட்வொர்க் கேபிளும் ஒரே பைப்பில் போகக் கூடாது. இரைச்சல் ஏறுறது ஒரு பக்கம், இன்சுலேஷன் எங்கேயாவது உரிஞ்சா கரன்ட் நேரா உங்க ரவுட்டருக்கு வரும். ஒரு அடி தள்ளி ஓட்டுங்க, குறுக்கே வெட்ட வேண்டி வந்தா நேர்குத்தா வெட்டுங்க.

முனை அடிக்கிற வரிசை, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கனெக்டரோட க்ளிப் கீழ்ப்பக்கம், கேபிள் நுழையற வாய் உங்க பக்கம், இடமிருந்து வலம். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீங்க. மேல் உறை கனெக்டருக்குள்ள போய் மாட்டணும். வெளியே நின்னா இழுக்கிற இழுப்பெல்லாம் மெல்லிய கம்பி மேல விழும், ஆறு மாசத்தில் லூசாகும். சுவரில் வர்ற முனைக்குப் பிளக் அடிக்காம சாக்கெட் பெட்டி வெச்சு, அங்கிருந்து ரெடிமேட் பேட்ச் கார்டு (ரெண்டு முனையும் அடிச்சு வர்ற சின்ன கேபிள்) போட்டா இன்னும் நல்லது.

—

டபுள்நாட் (பெரம்பூர்):

கேபிள் விஷயத்தில் கேபிள்காரர் சொன்னதே என் கருத்தும். பாதுகாப்பைப் பற்றி நான் எழுதுகிறேன்.

முதலில் அந்த பாஸ்வேர்டு. மொபைல் நம்பர் என்பது பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. மொத்தம் 400 கோடி வாய்ப்புதான். உங்கள் தெருவில் நின்று, ஒரு போன் வைஃபையில் சேரும் அந்த ஒரு நொடிப் பரிமாற்றத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்யலாம். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் முயன்று பார்க்கும். ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட. அப்பாவின் நம்பர் தெரிந்தவருக்கு அதுவும் தேவையில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: முருங்கை, தூண்டில், லுங்கி, செங்கல், பஞ்சாங்கம் என்கிற மாதிரி. 8 முதல் 63 எழுத்து வரை இடம் உண்டு. இந்த உதாரணத்தையே வைத்துவிடாதீர்கள்.

அடுத்து ஓஎன்டியின் நிர்வாகப் பக்கம். பெரும்பாலும் 192.168.1.1. அதன் பாஸ்வேர்டு பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும், அல்லது பயனர்பெயரும் பாஸ்வேர்டும் ஒரே சொல்லாக இருக்கும். மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ் (பட்டன் அல்லது பின் நம்பரால் வைஃபையில் சேரும் வசதி) இருந்தால் அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் நம்பரை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் உடைந்துவிடும் என்று 2011-லேயே வெளியாகிவிட்டது. யூபிஎன்பியையும் (கருவிகள் தாங்களே வெளிவாசல் திறந்துகொள்ளும் வசதி) அணையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், அல்லது டபிள்யூபிஏ3. டிகேஐபி என்கிற பழைய முறை கலந்த தேர்வு வேண்டாம். பாதுகாப்பு குறைவு என்பதோடு, அதில் சேரும் கருவியின் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். பழைய பிரிண்டர், ஸ்மார்ட் பல்பு எல்லாம் டபிள்யூபிஏ3-இல் முரண்டு பிடிக்கும், ஆகவே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை டபிள்யூபிஏ2-விலும் 5 கிகாஹெர்ட்ஸை டபிள்யூபிஏ3-இலும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று: நிறுவனத்தின் ஆள் வந்து ஓஎன்டியை ரீசெட் செய்தால் இவை எல்லாம் பழைய நிலைக்குப் போகும். அவர் கிளம்பியதும் ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

இனி பிரிப்பது. இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். சொந்தக் கருவிகளை ஓஎன்டியிலேயே விட்டுவிட்டு, "கேமராவுக்குத் தனி ரவுட்டர்" என்று ஒன்றை வாங்கி உள்ளே மாட்டுவார்கள். ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரை எட்ட முடியும். முன்னால் இருப்பவர் பின்னால் வர முடியாது. அதனால் நம்பிக்கையில்லாதது வெளியே ஓஎன்டியில் இருக்க வேண்டும், நம்முடையது உள் ரவுட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படியென்றால்: டிவிஆர், டிவி இரண்டும் ஓஎன்டியில். ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கானது) முதல் மாடி ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு (வெளி இணைப்பு உள்ளே வருவது) கேபிள். வேன் என்பதைக் கவனியுங்கள். லேனில் செருகினால் ரெண்டு பெட்டியும் ஐபி கொடுக்கக் கிளம்பி, சில போன்களுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது, ஏன் என்றே தெரியாது. உள் ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றுங்கள். ரெண்டும் 192.168.1-இல் இருந்தால் பாக்கெட் எந்தப் பக்கம் போவதென்று ரவுட்டருக்கே தெரியாது. லேப்டாப், உங்கள் எல்லார் போன், பிரிண்டர், அப்பா அம்மா அறை ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் இந்த உள் ரவுட்டரின் கீழ். ஆக்சஸ் பாயின்ட்டை ஏபி மோடில் வைத்து லேனில் செருகுங்கள், மூன்றாவது நாட் (ரவுட்டர் முகவரி மாற்றும் அடுக்கு) வேண்டாம். உள்ளிருந்து டிவிஆரின் 192.168.1 முகவரியைத் திறந்தால் படம் வரும். டிவிஆரில் இருந்து லேப்டாப்பைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இரட்டை நாட் கேம் ஆடுகிறவர்களுக்குச் சில சமயம் தொந்தரவு, ஆபீஸ் விபிஎன்னுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது.

ஐபிவி6 (புதிய ஐபி முகவரி முறை) பற்றி ஒரு வார்த்தை. உள் ரவுட்டரில் ஐபிவி6 'பாஸ்த்ரூ' என்று ஒரு தேர்வு இருக்கும். பல ரவுட்டர்களில் அதைப் போட்டால் ஃபயர்வாலைத் தாண்டி நேரே உள்ளே விட்டுவிடும், நாம் கட்டிய சுவர் ஐபிவி4-க்கு மட்டும் மிஞ்சும். ஓஎன்டி முறையாகப் பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) கொடுத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் உள்ளே ஐபிவி6 இல்லாமலே இருக்கட்டும்.

போர்ட் ஃபார்வர்டு: வேண்டவே வேண்டாம். ஓஎன்டியின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால் நீங்கள் நிறுவனத்தின் பொது நாட் அடுக்குக்குப் பின்னால் இருக்கிறீர்கள் (பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரி), ஃபார்வர்டு செய்தாலும் வேலை செய்யாது. வேலை செய்தால் அது இன்னும் மோசம். 554, 8000, 37777 போன்ற போர்ட்களை நாள் முழுக்கத் துழாவிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. 2016 அக்டோபரில் டைன் என்கிற டிஎன்எஸ் நிறுவனத்தை விழவைத்து ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் நின்ற தாக்குதலில் படையாக நின்றவை, தொழிற்சாலை பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களும் டிவிஆர்களும்தான்.

வெளியிலிருந்து பார்க்க ரெண்டு வழி. சுலபமானது, டிவிஆர் தயாரிப்பாளரின் பி2பி ஆப். டிவிஆரே வெளியே போய் இணைப்பதால் பொது நாட் தடையில்லை, ஆனால் அந்த நிறுவனத்தின் சர்வரை நம்ப வேண்டும். டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகே இதை ஆன் செய்யுங்கள். இன்னொன்று டெய்ல்ஸ்கேல் என்கிற விபிஎன் மென்பொருள். உள் நெட்வொர்க்கில் எப்போதும் ஓடும் ஒரு ராஸ்பெரி பை அல்லது பழைய கணினியில் போட்டு, டிவிஆரின் ஒரே ஒரு முகவரியை மட்டும் சப்நெட் ரூட்டாகத் திறந்துவிட்டால் போதும். எனக்கு இதுதான் பிடித்தம். ரெண்டுக்கும் முன்னால் ஓஎன்டியில் டிவிஆரின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

குடித்தனக்காரர் விஷயம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. இணைப்பு உங்கள் அப்பாவின் பெயரில் என்றால், மேல்மாடியிலிருந்து யார் என்ன செய்தாலும் விசாரணைக்கு வரும் பெயர் அவருடையது. பணம் வாங்கிக்கொண்டு நெட் கொடுப்பது வீட்டு இணைப்புகளின் நிபந்தனையில் பெரும்பாலும் கூடாது. அவர்களைத் தனி இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள். அதுதான் நல்ல ஃபயர்வால்.

—

உப்புக்காத்து (திருவொற்றியூர்):

நம்ம பக்கத்து விஷயம் யாரும் சொல்லல. கடல்ல இருந்து ராயபுரம் கூப்பிடு தூரம். உப்புக் காத்துக்கு ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள் முனை) பின் பச்சை பூக்கும், அப்புறம் கேமரா விட்டு விட்டு வரும், எல்லாரும் டிவிஆரைத் திட்டுவாங்க. மாடியில வெளிய இருக்கிற ஒவ்வொரு ஜாயின்ட்டும் மூடின பெட்டிக்குள்ள இருக்கணும், ஒயர் அடிப்பக்கம் வழியா நுழையணும். கனெக்டர்ல கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவிட்டுச் செருகுங்க. உங்க கேமரா கோஆக்ஸ் ஒயர்ல (கேபிள் டிவி ஒயர் மாதிரி) வர்றதா இருந்தா அதோட பிஎன்சி முனைக்கும் இதே வைத்தியம்தான்.

சாம்பல் கலர் உள்வீட்டுக் கேபிளை மொட்டை மாடியில ஓட்டாதீங்க. ரெண்டு கோடையில உறை வெடிச்சு உதிரும். வெயிலுக்குன்னு வர்ற கறுப்பு பாலித்தீன் உறைக் கேபிள் கேளுங்க. வெளிய இருந்து சுவர்த் துளைக்குள்ள போற எடத்துல, துளைக்குக் கீழ ஒரு வளைவு தொங்க விட்டு மேல ஏத்துங்க. தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், இல்லன்னா ஐப்பசி மழை முழுக்க கேபிளைப் பிடிச்சுக்கிட்டே சாக்கெட்டுக்குள்ள இறங்கும். இடி இடிக்கிற நாள்ல மொட்டை மாடிச் செம்புக் கேபிள் ஒண்ணே போதும், ஓஎன்டி போர்ட்டு, டிவிஆர் எல்லாம் சேர்ந்து போக. அதனால மேல போறதைக் கம்மியா வைங்க.

ஓஎன்டி மீட்டர் போர்டுக்கு மேலன்னு சொன்னீங்களே, அதுக்குள்ள வர்ற ஃபைபரைப் பாருங்க. ஆணில சுத்தி, கதவு இடுக்குல மடங்கி இருந்தா ஒளி கசியும். நிர்வாகப் பக்கத்துல ஆப்டிகல் ரிசீவ் பவர்னு ஒரு எண் இருக்கும். மைனஸ் 15-ல இருந்து 24 டிபிஎம் வரைக்கும் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டா விளிம்புல நிக்குது, அப்போ வைஃபையை மாத்தி பிரயோஜனமில்ல, கம்ப்ளெயின்ட் கொடுங்க.

கரன்ட் போனா நெட்டும் போகக் கூடாதுன்னா சின்ன டிசி யூபிஎஸ். அடாப்டர் லேபிள்ல வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்க. ஓஎன்டி பெரும்பாலும் 12 வோல்ட், ஆனா சில ரவுட்டர் 9 வோல்ட்டு. பின் அளவும் 5.5-2.1, 5.5-2.5ன்னு ரெண்டு இருக்கு. யூபிஎஸ் மேல 8800 எம்ஏஎச்னு போட்டிருப்பான், அது உள்ள இருக்கிற 3.7 வோல்ட் செல் கணக்கு. 32 வாட்-அவர்தான். ஓஎன்டியும் ரவுட்டரும் சேர்ந்து 18 வாட் தின்னா, நஷ்டம் போக ஒன்றரை மணி நேரம். உங்க வீட்டுல ரெண்டும் வேற வேற மாடி, அதனால ரெண்டு யூபிஎஸ் வேணும்.

ரேடார் கதைக்கு: கப்பல் ரேடார் ஓடுறது 3 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் 9 கிகாஹெர்ட்ஸ் பக்கமும். வைஃபை 2.4-லயும் 5-லயும். அங்கிள்கிட்ட ஹார்பரை விட்டுடச் சொல்லுங்க. உங்க வைஃபையைக் கெடுக்கிறது அவரோட ரவுட்டர்தான். ஒட்டு வீட்டுத் தெருவுல ஸ்கேன் போட்டா இருபது முப்பது பேர் தெரியும். 2.4-ல 1, 6, 11 இதுல எது காலியோ அது, அகலம் 20. நடுவுல 3, 4ன்னு போட்டா ரெண்டு பக்கமும் இடிக்கும். 5-ல 36 இல்லன்னா 149, அகலம் 80. நடுவுல 52-ல இருந்து 144 வரைக்கும் இருக்கிற சேனல்கள்ல மட்டும் ரவுட்டர் ரேடார் இருக்கான்னு ஒரு நிமிஷம் காது கொடுத்துட்டுத்தான் ஆரம்பிக்கும்.

—

மணிக்கூண்டு:

மூவருக்கும் நன்றி. கேபிள் இழுத்தாகிவிட்டது, முழுச் செம்பு. உள் ரவுட்டர் 192.168.50.1, வேனில் செருகியிருக்கிறது. பின் அறையில் சிக்னல் முழுசு. ஆனால் ஸ்பீடு டெஸ்டில் 94-க்கு மேல் ஏறவில்லை. கீழே ஓஎன்டி பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் 200 வருகிறது. மாடி வீட்டுக்காரர்கள் அடுத்த மாதம் தனி இணைப்பு எடுக்கிறார்கள்; அதுவரை என்ன செய்ய?

—

கேபிள்காரர்:

94னா 100 எம்பிபிஎஸ் லிங்க், சந்தேகமே இல்ல. நூறுக்கு ரெண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். நீல ஜோடியோ பிரவுன் ஜோடியோ ஒரு முனையில் சரியா கடிக்கல. டெஸ்டர் போட்டு 4, 5, 7, 8 விளக்கு எரியுதா பாருங்க, எரியாத முனையை வெட்டிட்டு மறுபடி அடிங்க.

அதுக்கு முன்னாடி ஓஎன்டியில் எந்த போர்ட்டுன்னு பாருங்க. நிறைய ஓஎன்டியில் ஒரே ஒரு லேன் போர்ட்டுதான் கிகாபிட், மத்ததெல்லாம் நூறு. பெரும்பாலும் லேன் 1, சில பெட்டியில் அதுக்கு மட்டும் ஜிஇனு போட்டிருக்கும். அங்கே இப்போ டிவிஆர் உக்காந்திருந்தா ரெண்டையும் மாத்திச் செருகுங்க, டிவிஆருக்கு நூறே அதிகம்.

—

டபுள்நாட்:

ஒரு மாதத்துக்கு ஓஎன்டியின் ரெண்டாவது எஸ்எஸ்ஐடியை (வைஃபை பெயர்) அவர்களுக்குக் கொடுத்து, பழையதின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அதில் 'ஐசொலேஷன்' (மற்றக் கருவிகளை எட்டவிடாமல் தடுப்பது) தேர்வு இருந்தால் போடுங்கள். பெயர் மட்டும் 'கெஸ்ட்' என்று இருப்பதை நம்பாதீர்கள்: உங்கள் போனை அதில் சேர்த்து, பிரவுசரில் டிவிஆரின் முகவரியை அடியுங்கள். லாகின் பக்கம் வந்தால் பிரிவினை ஒன்றும் நடக்கவில்லை. அப்போது அவர்கள் போகும்வரை டிவிஆரை உள் ரவுட்டருக்கு மாற்றுவதைவிட, அதன் பாஸ்வேர்டை நீளமாக்கிவிட்டு வெளியிலேயே விடுவது மேல். அதே போனில் 192.168.50.1-ஐயும் அடித்துப் பாருங்கள். அது திறக்கக் கூடாது. திறந்தால் கேபிள் எங்கேயோ லேனில் செருகியிருக்கிறது.

—

மணிக்கூண்டு:

லேன் 1-இல் டிவிஆர்தான் இருந்தது. மாற்றியதும் 190-க்கு மேல் வருகிறது. 192.168.50.1 திறக்கவில்லை. டிவிஆர் பக்கம் மட்டும் கெஸ்டிலிருந்து திறக்கிறது, பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.